ஏழாம் எண் ஸ்டாப் வாட்ச்

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு ஆடும்போது அறைக்குள் வேறு காற்று ஆடக் கூடாது. புனேயில் செய்முறைத் தேர்வு ஏப்ரலில் வரும். மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலையும் சாத்திவிட்டு, இருபது பிள்ளைகள் வியர்வை வழிய ஊசலை எண்ணுவார்கள். ஒரு மூலையில் "ஏக், தோன், தீன்." இன்னொரு மூலையில் "ஒன், டூ, த்ரீ." முப்பத்தோரு வருஷம் அந்த முணுமுணுப்பைக் கேட்டேன். இப்போதும் வீட்டில் மின்சாரம் போய் விசிறி நின்றால், காது அந்தச் சத்தத்தைத் தேடுகிறது.

போன வாரம் நீங்கள் இருவரும் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருவர் கோவை, ஒருவர் சென்னை. என் பழைய இயற்பியல் ஆய்வகத்தில் இந்த வருஷம் ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்கள். "அனுபவத்துல இருந்து ஏதாவது சொல்லுங்க மேடம்" என்றீர்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் எனக்கு எண்கள் தவறிப்போகும். எழுதினால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரி வேலைக்கு முன் இரண்டு வருஷம் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தினேன். அங்கிருந்த மூத்த திருத்துநர் எழுத்துப்பிழைக்குக் கூட அவ்வளவு கோபப்படமாட்டார். எண்ணில் தப்பு விட்டால் தாளைச் சுருட்டி மேஜையில் அடிப்பார். "எழுத்து தப்பா இருந்தா படிக்கிறவனே திருத்திக்குவான். எண்ணு தப்பா இருந்தா நம்பிருவான்" என்பார். அந்தக் கண்ணோடுதான் ஆய்வகத்துக்கு வந்தேன். வந்த முதல் வருஷம், ஒரு பையன் புவியீர்ப்பு முடுக்கம் 978 என்று எழுதி, அலகு போடாமல் விட்டிருந்தான். "978 என்னப்பா? மாம்பழமா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தேன். அவன் சென்டிமீட்டரில் கணக்குப் போட்டிருந்தான். விடை சரி, அலகு மட்டும் இல்லை. அன்று என் மீது எனக்கு ரொம்பப் பெருமை. அலகைப் பார்க்கத் தெரிந்தவள் எதையும் பார்த்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நீங்கள் சேர்ந்திருக்கும் ஆய்வகத்தில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்தது. மாணவர் சோதனையைச் செய்து, ஜர்னல் என்று இங்கே சொல்லும் செய்முறைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வருவார். நாம் கடைசி வரியைப் பார்ப்போம். புத்தகத்தில் உள்ள மதிப்புக்கு நூற்றில் இரண்டு பங்குக்குள் வந்திருந்தால் 'குட்' என்று எழுதிக் கையெழுத்து. இல்லாவிட்டால் சிவப்பு மையில் 'ரிப்பீட்.' இருபது நோட்டைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் முடித்தேன்.

இருபது வருஷத்துக்கு முன் ஓர் ஏப்ரல். முதலாண்டு பி.எஸ்ஸி. செய்முறைத் தேர்வு, மூன்றாம் நாள், பிற்பகல் பிரிவு. நான் உள் தேர்வாளர். வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வெளித் தேர்வாளராக வந்திருந்தார். மராட்டியர், ஒல்லியானவர், சட்டைப்பையில் மூன்று பேனா. கண்டிப்பானவர் என்று பெயர். மராத்தியில் நடந்த பேச்சை எல்லாம் இங்கே என் தமிழில் தருகிறேன்.

மூன்று மணிக்கு அவர் ஒரு விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், உங்க ஊசல் மேஜையில பூமி கொஞ்சம் லேசாயிடுச்சு போல."

தாளைப் பார்த்தேன். ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.39. வர வேண்டியது 9.8க்குப் பக்கத்தில். புனேக்குச் சரியாகச் சொன்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இவ்வளவு குறைவாக இல்லை.

"நாலு பர்சன்ட் தப்பு. ரிசல்ட்டுக்கு மார்க் கிடையாது" என்றார். "கால்வனோமீட்டர் சோதனையிலயும் இந்தப் பொண்ணு பாதியிலயே நிறுத்திடுச்சு. கூட்டிப் பாத்தேன். ரெண்டு மார்க்ல போகுது."

அந்தப் பெண் கவிதா. தேஹு ரோட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். அப்பா அங்கே ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்கும் தொழிலாளி. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. வீட்டில் பேசும் தமிழை என்னிடம் மட்டும் வெளியே எடுப்பாள், பாதிக்குப் பாதி இந்தியோடு. உதவித்தொகையில் படித்தாள். ஒரு தேர்வில் தவறினாலும் அது நின்றுவிடும்.

அவளைக் கூப்பிட்டேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கவிதா இது?"

"மூணு வாட்டி எடுத்தேன் மேடம். அதான் வருது. நான் இன்னா பண்றது?"

"எண்ணும்போது தப்பு விட்டியா? பத்தொம்பதை இருபதுன்னு?"

"இல்ல மேடம், சச் மே, நெஜமாத்தான். ஒவ்வொரு வாட்டியும் வெரலை மடக்கி எண்ணுனேன்."

"நீளம்?"

"ஒரு மீட்டர். நூலையும் குண்டுல பாதியையும் சேத்துதான் அளந்தேன்."

வெளித் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து நான்கு பேருக்கு வைவா என்ற வாய்மொழிக் கேள்வி பாக்கி. "மேடம், கையெழுத்துப் போட்டா அடுத்ததைப் பாக்கலாம்" என்றார்.

கவிதா போகாமல் நின்றாள். தமிழில், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், மெதுவாகச் சொன்னாள்:

"ஃபெயில் ஆனா ரஞ்சன்காவ் ஃபேக்டரில பேக்கிங் வேலை ரெடியா கீது மேடம். சித்தப்பா ஏற்கெனவே பேசிட்டாரு. கம்பெனி பஸ் வரும்னு எங்கம்மா குஷியா கீது. நான்தான் பாஸாயிடுவேன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்."

பேனா மூடியைத் திறந்துவிட்டேன். போட்டிருப்பேன். வழக்கம் அதுதான்: கடைசி வரி தப்பு என்றால் தப்பு. இரக்கத்துக்கு மதிப்பெண் போடுவது எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. கையெழுத்துக்கு முன் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன். மெய்ப்புத் திருத்திய பழக்கம், வேறொன்றுமில்லை.

இருபது ஆட்டத்துக்கு அவள் எடுத்த நேரம், மூன்று முறை: 41.0, 40.8, 41.2 விநாடி.

கண் அங்கே நின்றது. காரணம் உடனே பிடிபடவில்லை. அவளுடைய ஊசல் மேஜை மேல் இருந்த ஸ்டாப் வாட்சை எடுத்துப் பார்த்தேன். சாவி கொடுக்கும் பழைய வகை. பின்பக்கம் சிவப்புச் சாயத்தில் 7 என்று எழுதியிருக்கும். அதன் முகத்தில் ஒரு விநாடிக்கு ஐந்து கோடு. முள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவும். நடுவில் நிற்காது. அதாவது புள்ளிக்குப் பிறகு அது பூஜ்யம், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று மட்டுமே சொல்லும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக வர அந்தக் கடிகாரத்தில் வழியே இல்லை.

கவிதாவின் மூன்று அளவும் இரட்டைப்படை.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "இந்த மேஜையில முன்னாடி எழுதினவங்க தாளைக் கொடுங்க."

கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முந்தைய இரண்டு நாளும் அன்று காலையும் அந்த மேஜையில் ஊசல் செய்தவர்கள் மூன்று பேர், அதே கடிகாரம். முதல் தாள்: 40.13, 40.11, 40.15. ஜி 9.81. முழு மதிப்பெண். இரண்டாவது: 40.1, 40.3, 40.1. முழு மதிப்பெண். மூன்றாவதும் அப்படியே.

ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குக் குறைவாகச் சொல்லத் தெரியாத கடிகாரத்திலிருந்து, பத்தில் ஒரு பங்கையும் நூறில் ஒரு பங்கையும் எடுத்திருந்தார்கள். விடையைப் புத்தகத்தில் பார்த்து, கால்குலேட்டரில் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, கால்குலேட்டர் காட்டிய இலக்கத்தை அப்படியே எழுதியிருந்தார்கள். அந்த மேஜையில் மூன்று நாளாகக் கடிகாரத்தைப் பார்த்தவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் மதிப்பெண் இல்லை.

வெளித் தேர்வாளரிடம் காட்டினேன். மூன்று தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, அவங்க பொய். அதனால இது உண்மைன்னு ஆயிடுமா? 9.39 எங்கிருந்து வந்துச்சு?"

நியாயமான கேள்வி. ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டேன். எல்லோரும் அவரை மாமா என்போம், வயதில் என்னை விட மூத்தவர். தினமும் காலை பத்து மணிக்கு எல்லா ஸ்டாப் வாட்சுக்கும் சாவி கொடுப்பது அவர் வேலை. குழந்தைக்குப் பால் கொடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துத் துணியில் துடைத்து வைப்பார்.

"மாமா, மூணாம் நம்பரைக் கொண்டாங்க."

வலது கையில் ஏழு, இடது கையில் மூன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். விசிறி இல்லாத அறையில் ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்தது. பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வெளித் தேர்வாளர் அவர்களைப் பார்த்து, "உங்க ஊசல் நின்னுடுச்சா?" என்றார். மறுபடி முணுமுணுப்பு தொடங்கியது.

மூன்றாம் எண் சரியாக ஐந்து நிமிஷம் காட்டியபோது இரண்டையும் நிறுத்தினேன். ஏழாம் எண் ஐந்து நிமிஷம் ஆறு விநாடி.

"இது வேகமா ஓடுதா, அது மெதுவா ஓடுதா?" என்றார் அவர். "ரெண்டு பேர் சண்டை போட்டா மூணாவது சாட்சி வேணும் மேடம்."

மாமா நான்காம் எண்ணைக் கொண்டுவந்தார். இன்னும் ஐந்து நிமிஷம். நான்கும் மூன்றும் ஒன்றாகவே ஓடின. ஏழு மறுபடி ஆறு விநாடி முன்னால் போய் நின்றது.

"மாமா, இது எப்பவாவது கீழ விழுந்ததா?"

மாமா யோசித்தார். "விழுந்தது மேடம். கதவு ஊறிப்போய்த் திறக்கலையே, அந்த மழையில. வேகமா இழுத்தப்ப ஷெல்ஃப்ல இருந்து விழுந்துச்சு. மூணு வருஷம் இருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் எடுத்து வெச்சேன். அப்புறம் பிள்ளைங்க ஜர்னலைப் பாத்தேன். எல்லாருக்கும் ரிசல்ட் சரியா வந்திருந்துச்சு. நீங்களும் குட் போட்டிருந்தீங்க. சரி, வாட்ச் நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

முப்பத்தோரு வருஷப் பணியில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை. அவர் திட்டவும் இல்லை. நடந்ததைச் சொன்னார். மூன்று வருஷம் அந்த மேஜையிலிருந்து வந்த ஒவ்வொரு 9.8க்கும் கீழே இருந்தது என் கையெழுத்து. கெட்டுப்போன கடிகாரத்துக்கு நல்ல கடிகாரம் என்று சான்று கொடுத்தது அதுதான்.

வெளித் தேர்வாளர் என்னை ஓரமாக அழைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"மேடம், ரெண்டு வழி இருக்கு. இந்தப் பொண்ணுக்கு நாமளே ரெண்டு மார்க் கூட்டிப் போட்டுடலாம். யாரும் கேக்கமாட்டாங்க. இல்ல, வாட்ச் பழுதுன்னு ரிப்போர்ட்ல எழுதணும். எழுதினா, எப்பலேர்ந்துன்னு கேப்பாங்க. மூணு வருஷமா ஜர்னல்ல யார் கையெழுத்துன்னும் கேப்பாங்க."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்து காட்டினார். அதன் வழியே போய்விடலாமா என்று நானும் நினைத்தேன். அதையும் உங்களிடம் மறைக்க வேண்டாம். அந்த வருஷம்தான் என் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருந்தது.

கவிதா ஏழாம் எண்ணை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குத் திரும்பிப் போய் ஊசலை மறுபடி ஆடவிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. நான்காவது முறை எடுத்துப் பார்க்கிறாள். கூட்டிப் போட்ட இரண்டு மதிப்பெண்ணில் அவள் பாஸாகிவிடுவாள், கம்பெனி பஸ்ஸும் வராது. ஆனால் தான் அளந்தது தப்பு என்றும், ஏதோ தயவில் தப்பித்தோம் என்றும்தான் அவள் வாழ்நாள் முழுக்க நினைப்பாள். அளந்ததில் தப்பே இல்லாத ஒரு பெண்ணை அப்படி அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

"எழுதிடலாம் சார்" என்றேன்.

"யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. இல்ல, நானே எழுதுறேன்."

நானே எழுதினேன். ஏழாம் எண் ஸ்டாப் வாட்ச் ஐந்து நிமிஷத்துக்கு ஆறு விநாடி வேகமாக ஓடுகிறது, தேர்வு நடக்கும்போது இரண்டு கடிகாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இந்த மாணவியின் அளவுகள் கருவி காட்டியபடியே உள்ளன, விழுந்தது சுமார் மூன்று வருஷத்துக்கு முன், இதுவரை கவனிக்காதது உள் தேர்வாளரின் குறை. கீழே இருவரும் கையெழுத்திட்டோம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே பேனாவால் கவிதாவின் தாளில் 9.39 பக்கத்தில் முழு மதிப்பெண் போட்டார். விடையை மாற்றச் சொல்லவில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"வைவா. முன்னூறு விநாடிக்கு உன் வாட்ச் முன்னூத்தாறு காட்டுது. உன் நேரத்தை முன்னூத்தாறால வகுத்து முன்னூறால பெருக்கு. என்ன வருது?"

தாளின் பின்பக்கத்தில் போட்டாள். 41.0 விநாடி 40.2 ஆனது. அதிலிருந்து ஜி கணக்கிட்டாள். கால்குலேட்டர் 9.77 என்று தொடங்கி நீளமாக ஓடியது. நிமிர்ந்தாள்.

"எத்தினி டிஜிட் எழுதணும் மேடம்?"

"உன் வாட்ச் எவ்வளவு சொல்லும்?"

உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். 9.8 என்று எழுதி, பேனாவை மூடினாள். வெளித் தேர்வாளர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "போம்மா. பூமி சரியாத்தான் இருக்கு."

முன்னால் எழுதிய அந்த மூன்று பேரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. பின்னாலிருந்து கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தது என் சிவப்பு மை. அதற்கு அவர்களைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, கொடுத்தேன். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

மறுநாள் காலை கவிதாவை அவளுடைய ஜர்னலோடு வரச் சொன்னேன். ஊசல் சோதனை மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. ஆகஸ்டில் 9.4, கீழே என் 'ரிப்பீட்.' அடுத்த வாரம் மறுபடி 9.4, மறுபடி 'ரிப்பீட்.' மூன்றாம் முறை 9.80. நேரம் 40.14 விநாடி. கீழே என் 'குட்', அடிக்கோட்டோடு.

"இந்த மூணாவதை எங்கிருந்து எடுத்தே?"

"பக்கத்துப் பையன் சொல்லிக் குடுத்தான் மேடம். உல்ட்டாவா போடணும்னு. எல்லாம் அப்டித்தான்னான்."

"அப்ப பரீட்சையில ஏன் அப்படிப் போடல?"

"ஜர்னல்னா உங்களுக்கு. பரீட்சைல ஜூட் எழுத பயமா இருந்துச்சு மேடம். பொய்தானே அது."

இரண்டு 'ரிப்பீட்'டையும் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். 'குட்'டையும் அடித்தேன். அவள் பதறிப்போய்ப் பக்கத்தின் மேல் கை வைத்தாள்.

"அடிச்சா மார்க் போயிடாதா?"

"போகாது."

கையை எடுத்தாள். அடித்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க ஆகஸ்டுலயே ஒரு வாட்டி வாட்சைப் பாத்திருக்கலாம் மேடம்" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு ஜர்னலைப் பையில் வைத்துக்கொண்டு, பத்தே முக்கால் லோக்கலைப் பிடிக்க ஓடினாள்.

இப்போது உங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகள் கையில் ஃபோன் இருக்கிறது. அது நூறில் ஒரு பங்கு விநாடி வரை காட்டும். அழுத்துகிற விரலுக்கு அவ்வளவு தெரியாது. அதை நீங்கள் எப்படியும் சொல்லிக்கொடுப்பீர்கள், பாடத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது இன்னொன்று. கதவு ஓரமாக இருக்கும் மர அலமாரியில், மூன்றாம் தட்டில், மாமா தைத்த துணிப்பையில் ஏழாம் எண் இருக்கிறது. அதைப் பழுது பார்க்க நான் அனுப்பவே இல்லை. ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதற்குச் சாவி கொடுத்து ஒரு மேஜையில் வைத்துவிட்டு, 9.4ஐத் தூக்கிக்கொண்டு பயந்துபோய் யாராவது வருகிறார்களா என்று காத்திருப்பேன். சில வருஷம் யாருமே வரமாட்டார்கள். வருகிறவர்களிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன்.

சாவியை வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இறுக்கிவிடாதீர்கள்.